செவ்வந்தி சொன்ன ‘இருக்கட்டுங்க’

எங்கள் சந்துக்கு முதல் டெலிபோன் வந்த கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். எதையும் நம்பாதீர்கள். போன் வந்த வீட்டுக்கு நேர் எதிரே இட்லிக்கடை போட்டிருந்தவள் நான். முதலிலிருந்து கடைசிவரை கண்ணால் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

அந்த டெலிபோனுக்குச் சொந்தக்காரி செவ்வந்தி. அன்னூர்ப் பக்கம் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போன குடும்பம். சின்ன வயதில் குனிந்து களை வெட்டினாள். கல்யாணமாகி உக்கடத்துக்கு வந்தபின் நூல் மில்லில் நின்றபடியே இழை முடிந்தாள். மில்லை மூடிய அன்று என் கடைக்கு வந்து, “அக்கா, குனிஞ்சும் பாத்தாச்சு, நின்னும் பாத்தாச்சு. இனி உக்காந்து செய்யற வேலைதானுங்க செய்வேன்” என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

வீட்டு முன்னறையில் எஸ்.டி.டி. பூத்து வைக்க மனுப் போட்டாள். அலையோ அலை என்று அலைந்தாள். தொண்ணூற்று நாலாம் வருஷம் கிடைத்தே விட்டது! சந்தே குதித்தது. போன் வருவதற்கு முன்பே நாற்காலி வந்துவிட்டது. நீல ஒயர் பின்னிய இரும்பு நாற்காலி. போர்டு எழுதும் அவள் புருஷன் அங்கப்பன் ஒருநாள் அதில் உட்காரப் போனான். “எந்திரிங்க! போன் வந்தப்பறம் நான்தான் மொதல்ல உக்காருவேன்” என்று விரட்டிவிட்டாள். அவனும் போய் மஞ்சள் பெயிண்ட் டப்பாவை எடுத்து, போன் மாட்டப் போகிற முன்னறைப் பக்கச் சுவர் முழுக்க அடித்து வைத்தான்.

வில்லங்கமே அந்தச் சுவரில்தான். அது பொதுச்சுவர். இந்தப் பக்கம் செவ்வந்தி வீடு, அந்தப் பக்கம் மர ஆசாரி நாகூர் மீரான் பாய் வீடு. இரண்டு வீட்டு ஓடும் அந்த ஒரே மண்சுவரில்தான் உட்கார்ந்திருந்தன. பாய் தன் ஓட்டுவீட்டை இடித்துக் கான்கிரீட் தளம் போட்ட ஒட்டுவீடு கட்ட இறங்கியிருந்தார். ஒருநாள் காலையில் வாசலில் நின்று அவர் கேட்டது என் காதிலும் விழுந்தது.

“ஏனுங்க அம்மணி, நடுச்செவுரு மண்ணுங்க. பாரம் தாங்காது. இடிச்சுப்போட்டுச் செங்கல்லுல கட்டலாமுன்னு இருக்கேனுங்க. உங்களுக்குச் செலவு ஒண்ணுமில்லீங்க.”

செவ்வந்தி கோலப்பொடிக் கையோடு நிமிர்ந்து, “இருக்கட்டுங்க பாய்” என்றாள்.

“ரொம்ப சந்தோசமுங்க” என்று பாய் போய்விட்டார். நானும் இட்லியைத் தட்டில் கவிழ்க்கப் போய்விட்டேன். எங்கள் ஊரில் யாரும் யாரையும் பார்த்து முடியாது என்று பட்டென்று சொல்லிவிட மாட்டார்கள். அந்த மரியாதை அன்றைக்கு ஒரு சுவரையே தின்றது.

புதன்கிழமை காலை போன் மாட்ட வருவதாக ஆபீசில் சொல்லியிருந்தார்கள். இடம் தயாராக இல்லாவிட்டால் அடுத்த முறைதான், அது எப்போது என்று கேட்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். செவ்வந்தியும் அங்கப்பனும் சொந்தக்காரர்களை அழைக்க அன்னூருக்குப் போனார்கள். செவ்வாய் மத்தியானம் திரும்பி வந்து கதவைத் திறந்தால், உள்ளே சுவரைக் காணோம்! கொத்தனார் கந்தப்பன் சவுக்குக் கம்புகளை நட்டு ஓட்டுக்கு முட்டுக் கொடுத்திருந்தான். கீழே மஞ்சள் பூசிய மண்கட்டிகள் குவிந்து கிடந்தன. அந்தப் பக்கம் பாயின் மனைவி சித்திகா தன் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது இங்கிருந்தே தெரிந்தது.

செவ்வந்தி போட்ட சத்தத்தில் என் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு ஓடினார்கள். அடுப்பை அப்படியே விட்டு நானும் ஓடினேன்.

“ஏனுங்க பாய், உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதுங்களா? என்ற ஊட்டுச் செவுத்தை எவனைக் கேட்டுங்க இடிச்சீங்க?”

“உங்களைக் கேட்டுத்தானுங்க அம்மணி! நீங்கதானுங்க இருக்கட்டும்னீங்க!”

“ஆமாங்க, இருக்கட்டும்னுதானுங்க சொன்னேன்! செவுரு இருக்கட்டும்னு சொன்னேனுங்க!”

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். “பரவால்லீங்க, இருக்கட்டும்னு சொன்னதா நெனச்சுப்போட்டேனுங்களே!”

“உங்க மண்டைய ஒடச்சுப்போடுவேனுங்க!” என்றாள் செவ்வந்தி. அவ்வளவு கோபத்திலும் அந்த ‘ங்க’வை அவள் விடவில்லை. யாரோ சிரித்துவிட்டார்கள். நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், அடங்கினார்கள். செவ்வந்தி மண்கட்டிகளின்மேல் அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். நாற்காலி பக்கத்திலேயே புழுதி படிந்து கிடந்தது. எனக்குப் பாயின் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

“கந்தப்பா, பொழுது சாயறதுக்குள்ள செவுத்தை எழுப்பு” என்றார் பாய்.

“எழுப்பலாமுங்க. மதுக்கரை சிமெண்டு இருக்குது, கல்லு இருக்குது. ஈரச்செவுத்துல ஸ்குரு நிக்காதுங்களே” என்றான் கந்தப்பன்.

போன் பெட்டியை வேறெங்கும் மாட்டவும் வழியில்லை. முன்னால் வாசல், பின்னால் சமையலறைக்குப் போகும் வழி, எதிர்ச் சுவரில் ஜன்னலும் அலமாரியும். பாய் சுவர் இருந்த இடைவெளியைக் கையால் முழம் போட்டு அளந்தார். பிறகு விறுவிறுவென்று தன் கொல்லைக்குப் போய், “எல்லாரும் வந்து ஒரு கை புடிங்க!” என்று கத்தினார்.

அங்கே சாக்கு போர்த்தி வைத்திருந்தது அவருடைய புது வீட்டுத் தலைவாசல். தேக்கு நிலையும் கதவும். ஊருக்கெல்லாம் கதவு செய்தவர், முதல்முறையாகத் தனக்கென்று செய்தது. நிலைக்காலில் மாங்காய்க் கொத்து கொத்தாகச் செதுக்கியிருந்தார். அதன்மேல் நாங்கள் விரல் வைத்தாலே “கை, கை” என்பார். அதை எடுத்து இந்த இடைவெளியில் நிறுத்தச் சொல்கிறார்!

“பாத்திஹா ஓதாம நெலை வெக்கறதா?” என்று சித்திகா பதறினாள்.

“அப்ப ஓது” என்றார் பாய்.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வெங்காயக் கையோடு அவள் ஓதினாள். செவ்வந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ச் சந்தனம் குழைத்து வந்து நிலையில் தடவினாள். பிறகு என்ன அமர்க்களம்! கந்தப்பன் நூல் பிடித்தான், அங்கப்பன் முட்டுக் கொடுத்தான், நான் கல் எடுத்துக் கொடுத்தேன். நிலைக்கு இரண்டு பக்கமும் மிஞ்சிய இடத்தைத் தகரத்தால் மறைத்தோம். இருட்டுவதற்குள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாயிற்று.

மறுநாள் காலை போன்காரர் வந்தார். சுற்றிலும் பார்த்தார். “என்னம்மா, செவுரு எங்கே?”

சந்தே வாசலில் நின்று எட்டிப் பார்த்தது. செவ்வந்தி பாயைத் திரும்பிப் பார்த்தாள்.

“இதுதானுங்க செவுரு” என்றார் பாய், நிலையைத் தட்டிக் காட்டி.

போன்காரர் நிலையை அசைத்துப் பார்த்தார். இம்மியும் அசையவில்லை. துளை போடும் கருவியை எடுத்தார். பாய் அதை அவர் கையிலிருந்து வாங்கி, மாங்காய்க் கொத்துக்கு நடுவில் முதல் துளையைத் தானே போட்டார். மரத்தூள் உதிர்ந்தபோது மட்டும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதை நான் பார்த்தேன்.

பெட்டி ஏறியது. வயர் வந்தது. ரிசீவரைக் காதில் வைத்த செவ்வந்தி, “கொர்ருங்குது! அக்கா, கொர்ருங்குது!” என்று கூவினாள். நாங்கள் கைதட்டிய தட்டில் ஓட்டிலிருந்து புழுதி கொட்டியது. அவள் முந்தானையால் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். நன்றாகச் சாய்ந்தே உட்கார்ந்தாள்.

“யாருக்காச்சும் பேசு” என்றான் அங்கப்பன்.

அவள் யோசித்தாள். முகம் சுருங்கியது. “நமக்குத் தெரிஞ்சவங்க யாரூட்லயும் போன் இல்லீங்களே!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். செவ்வந்தி எழுந்து தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தாள். “சித்திகாக்கா, இங்க வாங்க. உங்க சாஹில் வேலை பாக்கற கடை நம்பர் இருக்குதுங்கல்ல?” என்று சித்திகாவைக் கூப்பிட்டாள். சாஹில் மெட்ராசுக்குப் போனதிலிருந்து சித்திகா மகன் குரலைக் கேட்டதே இல்லை. ஒரே எட்டில் கதவைத் தாண்டி வந்தாள். செவ்வந்தி நம்பரைப் போட்டாள், அங்கே சாஹிலே எடுத்தான். “அத்தா, சாப்பிட்டியா?” என்று மகனைக் கொஞ்சிக் கேட்டாள். கேட்டதுமே அழுதுவிட்டாள். மகனும் அங்கே அழுதானாம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பாய் செவ்வந்தியிடம் வந்தார். “கந்தப்பன் செவுத்தை எழுப்பட்டுமுங்க. காஞ்சதும் பொட்டிய அதுல மாட்டிப்போட்டு, நெலையக் கழட்டி என்ற தலவாசலுக்கு எடுத்துக்கறேனுங்க.”

“இருக்கட்டுங்க பாய்” என்றாள் செவ்வந்தி.

பாய் திடுக்கிட்டார். “அம்மணி, கோவிச்சுக்காதீங்க. இது எந்த இருக்கட்டுமுங்க?”

மறுபடி உட்கார்ந்திருந்த செவ்வந்தி நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே, திறந்து கிடந்த கதவைக் கையால் காட்டினாள். “கதவு இருக்கட்டும்னு சொன்னேனுங்க. சித்திகாக்கா பையன்கிட்டப் பேச எத்தனை நாளைக்குச் சந்து சுத்தி வருவாங்க?”

பாய் தன் தலைவாசலுக்கு வேறு நிலை செய்துகொண்டார். அதில் ஒரு மாங்காய்க் கொத்துகூட இல்லை.