ஆணிக்காரர் ஒட்டிய பொட்டு

அந்தத் தெருவில் ஓவியக் காட்சிக்கூடத்தை முதலில் திறந்தது யார் என்று கேட்டால் ஐந்து முதலாளிகள் கை தூக்குவார்கள். அவர்களில் மூவர் அப்போது பிறக்கவே இல்லை. உண்மை தெரிந்த ஒரே ஆள் ஆணிக்காரர். ஐந்து கூடங்களிலும் சுவரில் ஆணி அடித்துப் படம் மாட்டியவர் அவர்தான். ஆனால் ஏணியில் நிற்கிற ஆளிடம் போய் யார் வரலாறு கேட்பார்கள்?

முதல் கூடம் ஒரு திரைச்சீலைக் கடையின் மாடியில் இருந்தது. துணி பார்க்க வந்தவர்கள் கழிப்பறையைத் தேடி மாடியேறி, வழியில் படங்களையும் பார்த்துத் தொலைத்தார்கள். அந்த நகரத்தில் கலை ரசனை அப்படித்தான் வளர்ந்தது. கூட்டம் வருகிறது என்று கேள்விப்பட்டு எதிரே ஒன்று, பக்கத்தில் ஒன்று என்று முளைத்தன. ஒன்று பிறகு செருப்புக் கடையானது, இன்னொன்றில் பல் டாக்டர் வந்து உட்கார்ந்தார். இப்போது பாதிப் படங்கள் கைப்பேசியிலேயே விற்றுப்போகின்றன, அதற்கு ஆணி வேண்டியதில்லை. ஆணிக்காரருக்கு இதில் வருத்தமெல்லாம் கிடையாது, முட்டிவலிதான்.

விற்ற படத்தின் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டுவது வழக்கம். விற்காத படத்துக்கும் ஒட்டுவது தொழில். ஒரு பொட்டுகூட இல்லாத சுவரைப் பார்த்தால் வாங்க வருகிறவருக்குக் கை நடுங்கும் என்பது மாடி முதலாளியின் கட்சி. அதனால் கதவு திறக்கும் முன்பே தன் சொந்தப் படங்கள் இரண்டுக்குப் பொட்டு வைத்துவிடச் சொல்வார்.

முதல் கண்காட்சியன்று, கடைசிச் சுவரில் இரண்டாவது படத்துக்கு ஒட்டச் சொன்னார். அவர் வாசல் பக்கத்திலிருந்து எண்ணுகிறவர். ஆணிக்காரர் ஏணி நிற்கிற முனையிலிருந்து எண்ணுகிறவர். பொட்டு ஒரு புது ஓவியரின் படத்தில் போய் உட்கார்ந்தது. பச்சை நாற்காலி, அதன் முதுகில் ஒரு ஈரத்துண்டு. வரைந்தவர் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார்.

பத்தே நிமிடத்தில் தவறு தெரிந்துவிட்டது. உரிப்பதற்காக நகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு போனார் ஆணிக்காரர். அந்த எழுத்தர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பொட்டுக்கு முன்னால் நின்றிருந்தார். ஆணிக்காரர் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

எழுத்தர் மறுநாளே வேலையை விட்டார். விற்ற படத்துக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். முதலாளி கொடுத்துவிட்டு, எட்டு மாதம் ஆணிக்காரரின் சம்பளத்தில் பிடித்தார். விற்றுப்போனதாகச் சொன்ன படத்தைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது, மறுபடி விற்கவும் முடியாது. அது ஆணிக்காரர் வீட்டுச் சமையலறைக்கு வந்தது. உட்கார முடியாத நாற்காலி எதற்கு என்று மனைவி ஒரு வாரம் கேட்டாள். பிறகு அதைத் துடைத்து வைக்க ஆரம்பித்தாள்.

முப்பத்தாறு வருடம் போனது. அந்தத் தெருவின் கூடங்களைப் பற்றி ஒரு ஆராய்ச்சிக்காரப் பெண் கண்காட்சி வைத்தாள். மாட்டும் வேலைக்கு ஆணிக்காரரைத்தான் கூப்பிட்டாள். பழைய பதிவேட்டில் முதல் விற்பனை என்று பச்சை நாற்காலி இருந்தது, வாங்கியவர் பெயருக்கு நேரே வெற்றிடம். எழுத்தர் இப்போது ஊரறிந்த கிழட்டு ஓவியர். யாரோ ஒருவர் என்னை நம்பினார், அந்த ஆளை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று அந்தப் பெண்ணிடம் அவர் கெஞ்சியதை ஆணிக்காரர் ஏணியில் நின்றபடியே கேட்டார். அன்று ஒரு ஆணி கோணலாகப் போனது.

சொன்னால் அந்த மனுஷன் இடிந்துபோவார் என்று வீட்டில் வந்து புலம்பினார். அது அபராதம்தானே, நாம் எங்கே வாங்கினோம் என்றார்.

"எட்டு மாசம் நான் அரை வயித்துல குடும்பம் நடத்தினேன்," என்றாள் மனைவி. "காசு குடுத்தது நாம. மாட்டி வச்சுப் பாத்தது நாம. இதுக்குப் பேரு வாங்கறதுதான்."

நிறம் பிடித்திருந்தது என்று சொல்லும்படி அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, ஓவியர் இருக்கிற நேரமாகக் கண்காட்சிக்குக் கூட்டிப்போனாள். படத்தைப் பழைய சேலையில் சுற்றி அவளே சுமந்தாள்.

வாங்கியவர் இவர்தான் என்று கேட்டதும் கிழவர் ஆணிக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"என்னத்தப் பாத்து இத வாங்குனீங்க?"

பாடம் பண்ணியதெல்லாம் மறந்துபோனது. பொய் சொல்ல ஆணிக்காரருக்கு வெட்கமாக இருந்தது.

"கை தவறி ஒட்டிட்டேங்க. உரிக்கலாம்னுதான் வந்தேன். நீங்க முன்னாடி நின்னுட்டு இருந்தீங்க, மனசு வரல."

கிழவர் கையை விடவில்லை.

"அப்போ படத்தப் பாக்கவே இல்லையா?"

"அன்னிக்குப் பாக்கலங்க. அப்புறம் முப்பத்தாறு வருஷமா தினம் பாத்துட்டுத்தான் இருக்கேன்."

கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த ஈரத்துண்டு இன்னும் காயவில்லையா என்று கேட்டார். இல்லை என்றார் ஆணிக்காரர்.

ஆராய்ச்சிக்காரப் பெண் பதிவேட்டைத் திறந்து, வாங்கியவர் பெயரை என்னவென்று எழுதுவது என்று கேட்டாள். இரண்டு பேர் பெயரையும் எழுதச் சொன்னாள் மனைவி. தன் பெயரை முதலில்.