வாசனை இல்லாத சரக்கு

இதை எழுத எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுவேன். ஆஸ்பத்திரி விஷயங்களை டாக்டர்கள் எழுதுவதுதான் முறை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை டாக்டர்களுக்கு லீவு. கேட்டில் நான்தான் நின்றேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் மன்னித்துப் படிக்கவும்.

தொண்ணூறுகளின் நடுவில், காக்ஸ் டவுன் பக்கம், குடியை நிறுத்த வருகிறவர்களுக்கான ஒரு வார்டில் ஆயாவாக இருந்தேன். விசிட்டர் டைமில் எனக்கு மோந்து பார்க்கும் டியூட்டி. அப்போது பாக்கெட் சாராயம் தாராளமாகக் கிடைக்கும். சாம்பார் தூக்கு, பிளாஸ்க், இளநீர் எல்லாவற்றிலும் மூக்கை விட்டுப் பார்ப்பேன். முழுப் பூசணிக்காய்க்குள் பாக்கெட்டை ஒளித்துக் கொண்டுவந்த ஒரு மச்சானைக்கூடப் பிடித்திருக்கிறேன்.

அந்த வார்டுக்கு ஸ்டான்லி சார் வந்தார். ஸ்கூல் டிரில் மாஸ்டர். ஒரு சொட்டு குடித்தது கிடையாது. முதுகுவலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த கேப்சூல், வலி குறைந்த பிறகும் அவரை விடவில்லை. நிறுத்தினால் உடம்பு நடுங்கும், மூக்கு ஒழுகும், வயிறு கலக்கும். ஏற்கெனவே இரண்டு இடங்களில் சேர்ந்து பாதியில் ஓடிவந்தவர்.

"இந்தத் தடவையும் ஓடினா ஸ்கூல்ல சேத்துக்க மாட்டாங்கம்மா" என்று என்னிடம் சொன்னார்.

ஆட்டோ ஓட்டும் முனிராஜுவுக்கு அது நாலாவது அட்மிஷன். "டாக்டரே ஊத்திக் குடுத்தாரா? குடுத்து வெச்சவரு சார் நீங்க" என்பார்.

காலை மீட்டிங்கில் ஒவ்வொருவரும் எழுந்து "நான் குடிகாரன்" என்று சொல்ல வேண்டும். எல்லோரும் சொன்ன பிறகுதான் காபி வரும். ஸ்டான்லி சார் எழுந்து, "நான் சர்ச்சுக்குப் போறவன், பொய் சொல்ல மாட்டேன்" என்றார்.

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார், கொஞ்சம் விட்டுக்குடுங்க, காபி ஆறுது" என்று முனிராஜு கன்னடம் கலந்து கெஞ்சினார். சார் அசையவில்லை. அந்த வாரம் முழுக்க எல்லோரும் ஆறிய காபிதான் குடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாருடைய அக்கா ஜீவனஹள்ளியிலிருந்து இட்லி கொண்டுவந்தார். இட்லி, சட்னி, பால் எல்லாம் மோந்து பார்த்து உள்ளே விட்டேன். அக்கா சாருடைய கட்டில் பக்கத்தில் போய், கைப்பையிலிருந்து ஒரு ஸ்ட்ரிப் கேப்சூலை எடுத்தார்.

"எப்படி நடுங்குற பாரு. ஒன்னே ஒன்னு போட்டுக்கோடா தம்பி."

நான் ஓடினேன். "இதெல்லாம் கூடாதுங்கம்மா!"

"ஏன், இது என்ன சாராயமா? டாக்டர் எழுதினது. வேணும்னா மோந்து பாரு."

மூக்குக்கு நேராக நீட்டினார். பழக்கதோஷம், மோந்தும் பார்த்தேன். வாசனையே இல்லை.

அதற்குள் ஸ்ட்ரிப் சாருடைய கைக்குப் போய்விட்டது. கை நடுக்கத்தில் அது கிலுகிலுவென்று ஆடியது. முனிராஜு மெதுவாகக் கிட்டே வந்தார்.

"சார், இது போட்டா எப்படி இருக்கும்?"

"எனக்கும் ஒன்னு சார்" என்றார் இன்னொருவர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏழெட்டுக் கைகள் சுண்டலுக்கு நீட்டுவதுபோல நீண்டன. சார் அந்தக் கைகளையே பார்த்தார். எல்லாக் கைகளும் அவர் கை மாதிரியே நடுங்கின.

திடீரென்று எழுந்து நின்றார். "லைன்ல நில்லு! அட்டென்ஷன்!"

நின்றார்கள். ஒருவர் லுங்கி அவிழ்வதைக்கூடப் பிடிக்காமல் நின்றார்.

"எவனாவது இதத் தொட்டீங்க, முட்டி போட வெச்சிடுவேன்!" என்று கத்திவிட்டு ஸ்ட்ரிப்பை என் கையில் திணித்தார். "டாய்லெட்ல கொட்டுங்கம்மா. கொஞ்ச நேரம் கழிச்சு... இல்ல, இப்பவே போங்க. ஓடுங்க."

ஒவ்வொன்றாகப் பிதுக்கிப் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன். லைன் கலையாமல் நின்றது. அக்கா அழுதுகொண்டிருந்தார்.

"வலிச்சா என்னடா பண்ணுவே?"

"வலிக்கும்க்கா" என்றார் சார்.

நான் கற்றுக்கொண்டது இதுதான். பையை மோந்து பார்த்தால் மட்டும் போதாது. வருகிறவரை உட்காரவைத்து, உள்ளே இருப்பவருக்கு என்ன வியாதி என்று சொல்லிப் புரியவைக்க வேண்டும். ரொம்பப் பாசமானவர்களுக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டும்.

மறுநாள் ஸ்டான்லி சாருக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. கஞ்சி கேட்டார். கொடுத்தேன்.