வரப்பில் நின்ற ஒரு வரிசை

அவளுக்கு ஊர் வைத்த பெயர் அவசரம். பிறந்ததே ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியில்தான். கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா என்று அம்மா கடைசிவரை அலுத்துக்கொண்டாள். மகளோ, கோபம் வந்தால் வாயில் வந்ததையெல்லாம் கொட்டிவிட்டு, வீட்டுக்குள் போய்த் தனியாக அழுவாள்.

இந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. முழங்கால் உயரத்தில் கருகி நின்ற மக்காச்சோளத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. டிராக்டரை வரவழைத்து ஒரே நாளில் உழுது போட்டாள். மறுநாள் ஊராட்சி எழுத்தர் சேதம் கணக்கெடுக்க வந்து நின்றார். பட்டியலில் பெயர் ஏறினால்தான் அடுத்த போகத்துக்கு அரசு விதை தரும். வீட்டில் ஒரு பிடி விதைகூட மிச்சமில்லை. இது கிடைக்காவிட்டால் நிலம் தரிசுதான்.

"பயிர் எங்கம்மா?"

"நேத்துதான் சார் உழுதேன். பாக்கச் சகிக்கல."

"அடக் கடவுளே! நிக்கிற பயிரைத்தான் எழுதச் சொல்லியிருக்காங்க. வெறும் மண்ணை என்னன்னு எழுதுவேன்?" நல்ல மனுஷர், பேனாவை மூடவில்லை. "நாலு மணிக்குப் பட்டியல் போகணும். ஒரு வரிசையாவது நிக்குதா பாருங்க. பக்கத்து வயல்காரர் சாட்சிக் கையெழுத்தும் வேணும்."

அவளுக்கோ பக்கத்து வயல்காரரோடு ஏழு வருடமாகப் பேச்சில்லை. தன் வரப்பில் ஏறி விதைக்கிறாள் என்று அவர் புகார் சொன்னபோது, "ஒரு சாண்கூட ஏறல" என்று ஊர் முன்னால் அடித்துப் பேசியவள் அவள்.

இப்போது திரும்பிப் பார்த்தாள். டிராக்டர் ஏறாத அந்த வரப்பின் மேல் ஒரே ஒரு வரிசை, சருகாகக் காய்ந்து, வயலின் நீளத்துக்கும் நின்றது. அதன் அருகே பக்கத்து வயல்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இது யாரோடது?" என்றார் எழுத்தர்.

அவருடையது என்றால் மானம் தப்பும், விதை போகும். யோசித்துப் பேசியே பழக்கமில்லாதவள் அன்று யோசித்தாள். எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே முக்கால்.

"என்னோடதுதான் சார். அவரு வரப்புல ஏறித்தான் வெதச்சேன். ஏழு வருஷமும்."

பக்கத்து வயல்காரர் சாட்சிக்கு மறுத்தால் போதும், எல்லாம் முடிந்தது.

அவர் வந்து பேனாவை வாங்கினார். "மொத்தம் நாப்பத்திரெண்டு வரிசை சார். அத்தனையும் கருகிப்போச்சு. இன்னொண்ணு ஏத்துறாளான்னு தினமும் எண்ணிக்கிட்டுத்தானே இருந்தேன்." கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"வெதை வந்ததும் நாப்பத்தொண்ணோட நிறுத்திக்கம்மா."

"சரிண்ணே," என்றாள்.