டேங்க் மேல் வைத்த பட்டுப்பாவாடை

அக்கா மகளுக்குக் காது குத்துகிற அன்று காலையில் ஒரகடத்தில் பெட்ரோல் போட்டேன். அந்த பங்க்கில் எந்நேரமும் லாரியும் கம்பெனி பஸ்ஸும் வரிசை கட்டி நிற்கும். ஒருமுறை உள்ளே போய் வந்தால் பத்து நாளைக்கு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று நினைப்பேன். அதனால் எப்போதும் கழுத்து வரை நிரப்பிவிடுவேன். பம்பு தானாக நின்ற பிறகும் வண்டியைச் சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தி, இடுப்பால் முட்டி இரண்டு ஆட்டு ஆட்டுவேன். உள்ளே இருக்கிற காற்று குமிழ் குமிழாக வெளியே வரும். அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் பிடிக்கும். வேலை நிரந்தரமான பிறகு நானே வாங்கிய வண்டி அது. அது வயிறு முட்டக் குடிப்பதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

"அண்ணா, போதும்ணா. ஆட்டோ கட் ஆயிடுச்சு" என்றாள் பெட்ரோல் போட்ட பெண்.

"இன்னும் கொஞ்சம் புடிக்கும்மா. வுடு."

விட்டாள். வாய் விளிம்பில் பெட்ரோல் தளும்பி நின்றது. மூடியை அழுத்திப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அம்மாவும் அப்பாவும் சீர்த்தட்டுகளோடு எங்கள் ஊர் வடக்குப்பட்டிலிருந்து அக்கா வீட்டுக்கு ஷேர் ஆட்டோவில் முன்னாலேயே போய்விட்டார்கள். தாய்மாமன் சீரில் முக்கியமான பட்டுப்பாவாடை மட்டும் படப்பையில் ஒரு தையல்காரரிடம் இருந்தது. அதோடு போடுகிற சட்டைக்குக் கொக்கி வைக்காமல் வைத்திருந்தார். அவர் வைத்து முடிக்க அரை மணி நேரம் ஆனது. அதுவரை வண்டி வைகாசி வெயிலில் சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றது. திரும்பி வந்தபோது எஞ்சினுக்குக் கீழே தரை ஈரமாக இருந்தது. பக்கத்து டீக்கடைக்காரர் கழுநீர் ஊற்றியிருப்பார் என்று நினைத்தேன். துணிப்பையை டேங்க் மேல் வைத்து, வயிற்றால் அணைத்துக்கொண்டு மணிமங்கலம் பாதையில் திரும்பினேன்.

அந்தப் பாதையில் வேகத்தடைகள் அதிகம். ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கும்போது தொடையில் சில்லென்று ஏதோ பட்டது. வியர்வை என்று நினைத்தேன். பெட்ரோல் வாசனையும் வந்தது. முன்னால் ஒரு லாரி போய்க்கொண்டிருந்ததால் அதன்மேல் பழியைப் போட்டேன். அக்கா ஊர் எல்லைக்கு வந்தபோது தொடை எரிய ஆரம்பித்துவிட்டது.

அக்கா வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ஓரத்தில் விறகடுப்பு எரிந்தது. பந்தல் நடுவில் மணை போட்டு, ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். நான் வண்டியை நிறுத்திவிட்டு, பையை எடுத்துக்கொண்டு சிரித்தபடி வேகமாக நடந்தேன்.

"நில்லு! அங்கயே நில்லு!"

கத்தியது அக்காவின் கணவர். அதிர்ந்து பேசாத மனிதர். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் எனக்கும் அவருக்கும் நடந்த பேச்சை எல்லாம் சேர்த்தாலும் "சாப்டியா?" "சாப்டேன் மாமா" என்பதைத் தாண்டாது. தலைக்கனம் பிடித்தவர் என்றே நான் முடிவு கட்டியிருந்தேன். அந்த மனிதர் இத்தனை பேர் நடுவில், சீரோடு வந்த மைத்துனனை வாசலில் நிறுத்துகிறார். பந்தலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவின் முகம் செத்துவிட்டது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பையை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன்.

அதற்குள் அவர் ஓடி வந்து என் கையைப் பிடித்து அடுப்புக்கு எதிர்ப்பக்கமாக இழுத்தார்.

"மச்சான், உன் மேல ஃபுல்லா பெட்ரோல் கீது. அங்க அடுப்பு எரியுது, தட்ல கற்பூரம் வச்சிகினு நிக்கிறாங்க. நீ பாட்டுக்கு வர்ற!"

குனிந்து பார்த்தேன். பேண்ட்டின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. பையின் அடிப்பக்கமும்தான்.

மாமா ஒரு கார் கம்பெனியில் பெயிண்ட் அடிக்கிற பிரிவில் இருக்கிறார். அங்கே உள்ளே போகும்போது தீப்பெட்டி இருக்கிறதா என்று சட்டைப்பையைத் தடவிப் பார்த்துத்தான் விடுவார்களாம். அந்த மூக்குக்கு நான் இருபதடி தூரத்திலேயே தெரிந்துவிட்டேன்.

கொல்லைப்புறக் குழாயடிக்கு அழைத்துப்போய், பேண்ட்டைக் கழற்றச் சொல்லி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். தொடை நெருப்புப் பட்டதுபோல் சிவந்திருந்தது. "சோப்பு போட்டு நல்லா கழுவு. தேய்க்காத, தோலு வந்துரும்" என்றார். சின்னப் பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல் பக்கத்திலேயே நின்றார். பிறகு தன் வேட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டு, வண்டியைத் தெருக்கோடி நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். நானும் ஈரத் தலையோடு பின்னால் போனேன். மூடியைத் திறந்து, ஒரு குழாயை விட்டு, கேனில் கொஞ்சம் பெட்ரோலை இறக்கினார்.

"எவ்ளோ ஊத்தின?"

"ஃபுல்லா மாமா. வண்டிய ஆட்டி ஆட்டி..."

"அதான். வெயில்ல பெட்ரோல் பெருக்கும் மச்சான். அதுக்குன்னுதான் மேல கொஞ்சம் எடம் வுட்டுகீறான். அதையும் நீ ரொப்பிட்டா அது எங்க போவும்? மூடி வழியா வரும். மீதி கீழ இருக்கிற டியூப்ல ஒழுவும்." கேன் மூடியைத் திருகிக்கொண்டே, "கத்திட்டேன்னு மனசுல வச்சிக்காத. பயந்துட்டேன்" என்றார். இத்தனை நாள் இவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்று நினைத்தோமே என்று வெட்கமாக இருந்தது.

பந்தலுக்குத் திரும்பியபோது அக்கா பாவாடையைக் கையில் பிடித்து முகர்ந்துகொண்டிருந்தாள். பச்சைப் பட்டில் பாதிக்கு மேல் நனைந்திருந்தது.

"ஏண்டா, எம் பொண்ணுக்குப் பாவாட எடுத்துகினு வரச் சொன்னா தீப்பந்தம் சுத்தி எடுத்துகினு வந்துகீற?"

அழப்போகிறாள் என்று பயந்தேன். ஆனால் அவள் சொன்ன வார்த்தை அவளுக்கே சிரிப்பைக் கொடுத்துவிட்டது. அம்மா சிரித்தாள், ஆசாரிகூடச் சிரித்தார். பாப்பா வாத்து படம் போட்ட பழைய கவுனோடு என் மடியில் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் என்னை முகர்ந்து பார்த்து இரண்டு தும்மல் போட்டது. கற்பூரம் கொளுத்தவே கூடாது என்று மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெறும் மஞ்சள் தண்ணீரில் ஆரத்தி எடுத்தார்கள். முதல் காதுக்குப் பாப்பா அழவில்லை. இரண்டாவது காதுக்கு என் எரிகிற தொடையை உதைத்து உதைத்து அழுதது. நானும் சேர்ந்துதான் அழுதேன். தாய்மாமன் பாசம் என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். மாமாவுக்கு மட்டும் உண்மை தெரியும். தூரத்தில் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பாவாடையை மூன்று முறை அலசியும் வாசனை போகவில்லை. தொடையில் தோல் உரிந்து ஆற பத்து நாளுக்கு மேல் ஆனது. காது குத்தின மறுநாளே பதினோரு மணி டீ பிரேக்கில் மாமாவிடமிருந்து போன் வந்தது.

"எப்டி கீது?"

"பரவால்ல மாமா. எரிச்சல் கொறஞ்சிருக்கு."

"எண்ண தடவு. டைட்டா பேண்ட் போடாத."

அவ்வளவுதான், வைத்துவிட்டார். அடுத்த நாளும் அதே நேரத்துக்குக் கூப்பிட்டார், அப்புறம் தினமும். புண் முழுக்க ஆறிவிட்டது என்று சொன்ன அன்று, இனிமேல் கூப்பிட மாட்டார் என்று எனக்கு லேசாக வருத்தமாகக்கூட இருந்தது. மறுநாள் பதினோரு மணிக்குப் போன் அடித்தது.

"சாப்டியா மச்சான்?" என்றார்.

"சாப்டேன் மாமா. நீங்க?" என்றேன். அன்று அவர் கேண்டீன் சாம்பாரைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினார்.