அம்மன் கண்ணும் என் கையும்

திருப்போரூருக்கு மேற்கே இருக்கும் ஒரு கிராமத்தின் கோயில் கமிட்டித் தலைவர், மாமல்லபுரத்தில் நான் வேலை செய்யும் கல் பட்டறைக்கு வந்தார். ஏழு மாதமாக நான் செதுக்கிய அவர்கள் ஊர் அம்மன் சிலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். செல்போனில் நான்கு பக்கமும் படம் எடுத்தார். எல்லாம் முடிந்து, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"சூப்பரா கீதும்மா. கண்ண மட்டும் நீ தொறக்க வேணாம். அதுக்கு ஆம்பள ஸ்தபதி ஒருத்தர வெச்சுக்கலாம்னு ஊர்ல பேசிக்கினாங்க."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாமி சிலையில் எல்லா வேலையும் முடிந்த பிறகும் கருவிழிக் கோட்டை மட்டும் கீறாமல் விட்டுவைப்போம். சிலையைக் கோயிலில் நிறுத்தி, சுற்றித் துணியால் திரை கட்டி, செதுக்கியவர் உள்ளே போய்ச் சின்ன உளியால் அந்தக் கோட்டைக் கீற வேண்டும். பிறகு தங்க ஊசியால் அதன் மேல் ஒருமுறை வரைய வேண்டும். அதுதான் கண் திறப்பு. அதுவரைக்கும் அது கல். அதற்கப்புறம்தான் சாமி. அந்த ஒரு வேலைக்காகத்தான் மற்ற ஏழு மாதமும். அதைப் போய் விட்டுவிடு என்கிறார் மனிதர், செருப்பை மாட்டிக்கொண்டு!

இதே மனிதர் ஏழு மாதத்துக்கு முன்னால் எப்படி வந்தார் தெரியுமா? தட்டில் பழம், வெற்றிலை பாக்கு, தோளில் போட ஒரு சால்வை. அப்போது "நீங்க, நீங்க" என்றுதான் பேசினார். "நீங்க அம்மனா நடிச்ச படத்த எங்க ஊர்ல டெண்டு கட்டிப் போட்டாங்கம்மா. எங்க வூட்டுப் பொம்பளைங்க அழுதுகினே பாத்தாங்க. எங்க அம்மன நீங்கதான் செஞ்சு குடுக்கணும்." எனக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தக் குளிர்ச்சியில் யோசிக்காமல் தலையாட்டினேன்.

ஆமாம், நடித்தேன். செங்கல்பட்டில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. பத்தொன்பது வயதிலிருந்து விடியற்காலை மின்சார ரயிலைப் பிடித்து, கோடம்பாக்கத்தில் இறங்கி, நாயகிக்குத் தோழியாக, நாயகனுக்குத் தங்கையாக, வில்லன் கடத்திக்கொண்டு போகிற பெண்ணாக நடித்துவிட்டு, அதே ரயிலில் திரும்பி வருவேன். கண் பெரிதாக இருக்கிறதென்று ஒரு டைரக்டர் என்னை அம்மனாக்கினார். கையில் சூலம், தலையில் இரண்டு கிலோ கிரீடம், முகமெல்லாம் மஞ்சள். அந்தப் படம் ஓடியது. அப்புறம் வரிசையாக ஐந்து படத்தில் நான்தான் அம்மன். அம்மனுக்கு வயதாகிவிட்டதும் டிவி சீரியலில் மாமியார். மாமியாருக்கும் வயதானதும் போன் அடிப்பது நின்றுபோனது. சொல்லிக்கொண்டு நிற்கவில்லை, அதுபாட்டுக்கு நின்றது.

அதற்காக யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். சீரியல் செட்டில் அடுத்த ஷாட்டுக்காக நாள் முழுக்கக் காத்துக் கிடப்போமே, அப்போதே நான் வசனத் தாளின் பின்பக்கம் வரைய ஆரம்பித்துவிட்டேன். மேக்கப் பிரஷ்தான் தூரிகை. கூட நடிப்பவர்களை வரைவேன். முகம் வெள்ளையாக இருக்கும், கழுத்துக்குக் கீழே சொந்த நிறம் ஆரம்பிக்கும், இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டை நான் விடமாட்டேன். ஒரு நடிகை படத்தைப் பார்த்துவிட்டு என்னோடு ஆறு மாதம் பேசவில்லை. அப்படியென்றால் நன்றாக வரைகிறேன் என்று புரிந்துகொண்டேன்.

சினிமா கைவிட்டதும் மாமல்லபுரத்தில் ஒரு சின்னக் கடையை வாடகைக்கு எடுத்து என் ஓவியங்களை மாட்டி வைத்தேன். சுற்றுலா வந்தவர்கள் வாங்கினார்கள், வாங்காமலும் போனார்கள். எதிரே கல் பட்டறை. காலையிலிருந்து சாயங்காலம் வரை டக், டக், டக். முதல் மாதம் தலைவலித்தது. இரண்டாவது மாதம் பழகிவிட்டது. மூன்றாவது மாதம், அவர்கள் சாப்பிடப் போய்ச் சத்தம் நின்றால் எனக்கு என்னவோ போல் இருந்தது. ஒருநாள் ரோட்டைத் தாண்டிப் போய், எனக்கும் சொல்லிக் கொடு என்று கேட்டேன்.

பட்டறைக்காரர் என்னைவிடப் பதினோரு வயது சின்னவர். பரம்பரைத் தொழில். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அக்கா, இது நடிக்கிற மாதிரி இல்ல. கட் சொல்ல ஆள் கெடையாது. தப்பா ஒரு அடி வெச்சா மூக்கு போயிடும், திரும்ப ஒட்டாது."

"எத்தனை மூக்கு போகுதுன்னு பார்த்துடலாம் தம்பி" என்றேன்.

போயின. எத்தனை யானைகளுக்குத் தும்பிக்கை போனது, எத்தனை பிள்ளையாருக்கு விரல் போனது என்று அவரைக் கேட்டால் ராகம் போட்டுச் சொல்வார். முதல் வருஷம் முழுக்க மெருகு தேய்க்கத்தான் விட்டார். உள்ளங்கை தோலுரிந்து, சோற்றில் கை வைத்தால் கண்ணில் தண்ணீர் வரும். அழுதேன்தான், இல்லையென்று சொல்லவில்லை. மறுநாள் துணி சுற்றிக்கொண்டு போய்த் தேய்த்தேன். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு, அவர் என் கையில் ஒரு முழுச் சிலையைக் கொடுத்தார். அதுதான் இந்த அம்மன். மூன்றரை அடி, உட்கார்ந்த கோலம்.

அந்தச் சிலைக்கு முன்னால் நின்றுகொண்டுதான் தலைவரைக் கேட்டேன். "ஏன் நான் திறக்கக் கூடாது?"

அவர் கடற்கரைப் பக்கம் பார்த்தார். சவுக்கு மரங்களைப் பார்த்தார். "இல்லம்மா... பொம்பளன்னா அந்த நாளு, இந்த நாளுன்னு..."

"அது நின்னு ஆறு வருஷமாச்சுங்க" என்றேன்.

பட்டறையில் அத்தனை உளியும் நின்றுவிட்டது. மனிதருக்கு முகம் கறுத்துப்போனது. நான் விடவில்லை.

"அம்மனுக்குப் பெண் கல்தான் வேணும்னு நீங்கதானே சொன்னீங்க? ஒவ்வொரு கல்லா தட்டி, சத்தம் கேட்டுப் பொறுக்கினோமே. சாமி பொம்பள. கல்லு பொம்பள. பொங்கல் வைக்கிறது பொம்பள, தீ மிதிக்கிறது பொம்பள. ஊசி புடிக்கிற கை மட்டும் ஆம்பளையோடதா இருக்கணுமா?"

"என்கிட்ட சண்ட போட்டு இன்னா பிரயோஜனம்? ஊரு ஒத்துக்காதும்மா" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

சிலையைத் தரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பட்டறைக்காரரே அதைக் கேட்டார். எனக்கு மனம் வரவில்லை. ரிசார்ட்டுக்குப் போகிற புத்தர் தலைகளுக்கும், பூந்தொட்டி தூக்கிய குள்ளர்களுக்கும் நடுவே என் அம்மன் குருடாக உட்கார்ந்திருக்க வேண்டுமா? முடியாது. அவள் கோயிலுக்குப் போக வேண்டும். நான்தான் கண் திறக்க வேண்டும். இரண்டில் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

நான்கு நாள் கழித்துப் பட்டறைக்காரர் சிரித்த முகத்தோடு வந்தார். கிராமத்துக்குப் போய்த் தலைவரிடம் தனியாகப் பேசிவிட்டு வந்திருக்கிறார்.

"எல்லாம் பேசிட்டேன் அக்கா. ஸ்தபதி நான்னு சொல்லிடலாம். திரைக்குள்ள ரெண்டு பேரும் போவோம், உளி எடுத்துக் குடுக்க நீங்க கூட வர்ற மாதிரி. உள்ள நீங்க தொறந்துடுங்க. திரை விலகுறப்ப ஊசி என் கையில இருக்கும், அவ்ளோதான். தலைவருக்குத் தெரியும், ஆனா கண்டுக்க மாட்டாரு. யாருக்கும் பேஜாரு இல்ல."

நல்ல மனிதர். எனக்காகத்தான் அலைந்திருக்கிறார். ஆனாலும் அவரை அங்கேயே நாலு வார்த்தை கேட்கலாம் போலிருந்தது. ஏனென்றால் இதை நான் ஏற்கனவே ஒருமுறை அனுபவித்துவிட்டேன். ஐந்து அம்மன் படங்களிலும் ஒரு வார்த்தைகூட என் குரல் இல்லை. "என்னம்மா இது, அம்மன் 'வூடு', 'கீது'ன்னா பேசுவா?" என்று என் செங்கல்பட்டுப் பேச்சைக் கேட்டு டப்பிங் தியேட்டரில் எல்லோரும் சிரித்தார்கள். வேறொரு பெண் வந்து எனக்குப் பேசினார். நான் வாயசைத்தேன், அவர் பேசினார். என் அம்மாவைத் தியேட்டருக்கு அழைத்துப் போனபோது, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது யாரு பேசுறது?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு என் முகத்துக்கு வேறொருத்தி குரல். இன்றைக்கு என் கைக்கு வேறொருவர் பெயரா? அட போங்கய்யா!

ஆனால் இதையெல்லாம் மனதுக்குள் வைத்துக்கொண்டேன். "சரி தம்பி, அப்படியே செஞ்சிடலாம்" என்றேன். ரொம்ப நாளைக்கப்புறம் நடித்தேன். நன்றாகவே நடித்தேன், அவர் நம்பிவிட்டார்.

கண் திறப்பு அன்று காலை ஊர் முழுக்கக் கோயில் முன்னால் நின்றது. நிலம் விற்று மாடி கட்டியவர்கள், டேங்கர் லாரி ஓட்டுகிறவர்கள், கம்ப்யூட்டர் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்த பெண்கள், எல்லோரும். கண் திறந்ததும் அம்மன் முதலில் பார்ப்பதற்குக் கண்ணாடி, நெல் குவியல், கன்றோடு ஒரு பசு தயாராக இருந்தன. தலைவர் புது வேட்டியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "நம்ம ஸ்தபதி அவர்கள்" என்று பட்டறைக்காரரை அறிவித்தார். என்னைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. மேளம் அடித்தது. நாங்கள் இருவரும் திரைக்குள் போனோம்.

உள்ளே போனதும் மேளத்தை நிறுத்தினார்கள். உளிச் சத்தம் கேட்க வேண்டுமே. நான் அம்மனுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து சின்ன உளியை எடுத்தேன்.

"தம்பி, உங்கிட்ட பொய் சொல்லிட்டேன். ஊசிய உன் கையில குடுக்க மாட்டேன். திரைய எடுக்கிறப்ப அது என் கையிலதான் இருக்கும்" என்றேன், மெதுவாக.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, ஊரே நிக்குது அக்கா. எனக்கு நாளைக்கு எந்தக் கோயில் வேலையும் வராது."

அவர் சொன்னது நிஜம். எனக்கு அவரை நினைத்துக் கஷ்டமாகத்தான் இருந்தது. "அப்ப நீ வெளிய போய், உன் பேச்ச மீறிட்டேன்னு என்னத் திட்டிடு. நான் பொறுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வலது கண்ணில் உளியை வைத்தேன்.

டக். டக். டக். கோடு வளைந்து வந்தது. கொஞ்ச நேரம் அவர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, திட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. திரையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு வெளியே போய், இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, ஊருக்கு நேராக நின்றுவிட்டார்.

நான் செதுக்கிக்கொண்டே இருந்தேன். டக். டக். டக்.

வெளியே பேச்சுச் சத்தம் மெல்ல அடங்கியது. ஸ்தபதி வெளியே நிற்கிறார். உளிச் சத்தம் உள்ளேயிருந்து வருகிறது. புரிய எவ்வளவு நேரமாகும்? ஒரு பெண் குரல், "ஏ, உள்ள அந்தம்மாதான் தொறக்குது" என்றது. அடுத்து ஆண்கள் கத்த ஆரம்பித்தார்கள். தலைவர் மைக்கைக்கூட மறந்துவிட்டுத் திரைக்குப் பக்கத்துக்கே ஓடி வந்தார்.

"நிறுத்தும்மா! இன்னா பண்ற நீ? நிறுத்து!"

நிறுத்தினேன். வலது கண்ணில் கோடு முடிந்திருந்தது. தங்க ஊசியால் அதன் மேல் வரைந்துவிட்டு, கல் தூசியை ஊதினேன். அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு கண்ணால் பார்த்தாள். இடது கண் வெறும் கல்லாக இருந்தது.

"நிறுத்திட்டேன்" என்றேன், வெளியே கேட்கும்படி. செங்கல்பட்டுக் குரலில், தொண்டை கிழிய. "ஒரு கண்ணு தொறந்தாச்சு. இன்னொண்ணு மூடிகினு கீது. இப்டியே எழுந்து வரட்டுமா?"

பசு ஒருமுறை கத்தியது. ஒற்றைக் கண் அம்மனை வைத்துக்கொண்டு எந்த ஊர்தான் என்ன செய்யும்? இன்னொரு கையை வைத்து மற்ற கண்ணைத் திறக்கலாமென்றால், அந்தக் கைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு அவர்களுக்கு எதிரிலேயே நிற்கிறார். தலைவர் அவரிடம் ஏதோ கேட்பது எனக்குக் காதில் விழுந்தது. "இது அக்கா செஞ்ச செலைங்க. நான் தொட மாட்டேன்" என்றார் அவர்.

ரொம்ப நேரம் கழித்துத் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தலைவரின் குரல் வந்தது, கம்மிப்போய். "தொற."

"யாரு தொறக்கணும்? ஊருக்குக் கேக்கலைங்க. மைக்குல சொல்லுங்க."

பல்லைக் கடித்திருப்பார், எனக்குத் தெரியும். மைக் கரகரத்தது.

"நீயே தொறம்மா!"

நான் இடது கண்ணில் உளியை வைத்தேன்.