துளை மூடிய எலும்பு

செயற்கை எலும்பு செய்கிறேன் என்றால், பல் கட்டுவீர்களா என்று கேட்கும் ஊரில் இந்தத் தொழிலைச் செய்கிறேன். ஆய்வுக்கூடங்களில் ஆயுளைக் கழிக்கும் உங்களுக்கும் இத்தகைய கேள்விகள் பழகியிருக்கும்.

எதில் செய்தது?

ஓரிக்கை என்ற ஊரில் நெசவாளரான சபாபதியின் முழங்காலுக்குக் கீழே, சீழ் பிடித்த எலும்பில் ஒரு பகுதியை அறுத்தெடுத்திருந்தார்கள். கால் பழைய நீளத்துக்குத் தேறினால்தான் தறியில் மிதிக்க முடியும். அந்த இடைவெளிக்காகக் கால்சியம் பாஸ்பேட் பீங்கானில் ஒரு துண்டு செய்துகொண்டிருந்தேன். அவர் உடனே சம்மதித்தார். மனைவி மீனா சம்மதிக்கவில்லை. சைவக் குடும்பம், மாட்டெலும்பைச் சுட்டும் இதைச் செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். உப்புகளைக் கரைத்து வடிக்கும் எங்கள் முறையை முழுவதும் செய்து காட்டினேன். பார்த்து முடித்துச் சொன்னார்: "நம்பறேம்மா. இந்தக் காலை வெச்சுக்கினுதானே அவரு கோயிலுக்குள்ள வரணும்."

பார்வைக்கு

அந்தத் துண்டு முழுவதும் நுண்துளைகள். நோயாளியின் சொந்த எலும்பு அவற்றுக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும். துளை இல்லாவிட்டால் அது வெறும் கல். மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய வாரம் நான் சென்னைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது துண்டு பளபளத்தது, சுருங்கியும் இருந்தது. விருந்தினர்கள் வருகிறார்கள் என்று துறைத் தலைவர் அதை மறுபடியும் அதிக வெப்பத்தில் சுடச் சொல்லியிருக்கிறார். துளைகள் மூடிவிட்டன. சூளையைக் கவனிக்கும் ரஃபீக் தலை நிமிரவில்லை. "மேடம் வரட்டும்னு சொன்னேம்மா. பூச்சி அரிச்ச மாதிரி இருக்குது, வர்றவங்க என்ன நினைப்பாங்கன்னாரு."

கண்ணாடிப் பெட்டி

புதிதாகச் செய்து சோதித்து முடிக்க மாதங்கள் ஆகும். அதுவரை காத்திருந்தால் காலே போய்விடும் என்று, மருத்துவர் எலும்பின் இரு முனைகளையும் நெருக்கி இணைத்துவிட்டார். கால் குட்டையாயிற்று. துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த துண்டைச் சற்றுத் திருப்பி வைத்துக்கொண்டே பதில் சொன்னார்: "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா வந்தவங்க எல்லாரும் இதைத்தான்மா போட்டோ எடுத்தாங்க."

மிதி

போன வாரம் ஓரிக்கைக்குப் போனேன். குழித்தறியில் மீனா உட்கார்ந்திருந்தார். சபாபதியின் கால் மிதிப்பலகைக்கு எட்டுவதில்லை. அவர் மூலையில் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். அவர்தான் என்னைத் தேற்றினார்: "இப்ப அவ முதலாளி, நான் எடுபிடி. நூல் அறுந்தா திட்டு எனக்குத்தாம்மா."

எந்தப் பொருளை உடல் ஏற்காது என்று கண்டறிய எங்களிடம் எத்தனையோ சோதனைகள் உண்டு. எந்த மனிதரைச் சூளையருகே விடக்கூடாது என்று கண்டறிய ஒன்றுகூட இல்லை.