எட்டு நாளும் ஒரே எடை

அவள் வேலை காலை ஏழரைக்குத் தொடங்கும். பழைய ரிப்போர்ட் தாளின் பின்பக்கத்தில் மூன்று கட்டங்கள் போடுவாள்: இன்றே, நாளைக்குள், பொறுக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அறுபத்தெட்டு இதய நோயாளிகளும் இந்த மூன்றுக்குள் அடங்கியாக வேண்டும். யாருக்கு முதலில் போன், யார் வீட்டுக்கு நேரில், யாரைத் தள்ளிப்போடலாம் என்பதெல்லாம் அவள் முடிவு. சக நர்ஸுகள் வைத்த பெயர் ‘கட்டம் அக்கா’.

“அக்கா, எனக்கு எப்போ கல்யாணம்னு உன் கட்டத்தைப் பாத்துச் சொல்லேன்!”

“உனக்கா? பொறுக்கும்!”

நோயாளிகள் எழுந்ததும் எடை பார்த்து, ஒன்பது மணிக்குள் போனில் அனுப்ப வேண்டும். இரண்டு நாளில் ஒன்றரைக் கிலோ ஏறினால் உடம்பில் நீர் கட்டுகிறது என்று பொருள். அவர் நேராக ‘இன்றே’ கட்டத்துக்கு வந்துவிடுவார். எண் வந்தால் மேலாளரின் திரையில் அவர் வரிசை பச்சை, வராவிட்டால் சிவப்பு. சிவப்புக்கு அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அவர்களில் ஒருவரான தையல்காரரின் வரிசை ஒருநாளும் சிவந்ததில்லை. எழுபது வயது, மனைவி போனபின் தனியாள். “ஊரையே அளந்தவன் நான். இப்போ நீ என்னை அளக்குறே” என்று சிரிப்பார். தொல்லை தராத மனிதர். அதனால் ‘பொறுக்கும்’ கட்டத்திலேயே மூன்று வாரம் கிடந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் எண்ணில் அவள் கண் நின்றது. 62.4. முந்தின நாளும் 62.4. பின்னால் தள்ளிப் பார்த்தாள். எட்டு நாளாக அதே 62.4. உயிருள்ள உடம்பு அப்படி நிற்காது. ஒரு டம்ளர் தண்ணீருக்கே எண் மாறும். உடனே போன் போட்டாள்.

“ஐயா, இன்னிக்கு மெஷின்ல ஏறினீங்களா?”

“ஏறாம... எப்படிம்மா... நம்பர் வரும்?”

ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கினார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுப் பையை எடுத்தாள். வாசலில் மேலாளர் மறித்தார்.

“எங்கே கிளம்பிட்டீங்க? பதினோரு மணிக்குள்ள நாப்பது போன் முடியணும்.”

“தையல்காரருக்கு மூச்சு முட்டுது, சார்.”

“அவர் பச்சையிலதானே இருக்கார்? பச்சைக்கு எதுக்கு இந்த ஓட்டம்?”

“நீங்க பச்சையையே பாத்துட்டு இருங்க சார்” என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

தையல்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு நின்றுவிடுமோ என்று நான்கு நாளாகப் படுக்கவே இல்லையாம். கால்கள் தூண் மாதிரி வீங்கியிருந்தன. கட்டிலுக்கு அடியில் எடை மெஷின், அதன்மேல் தூசி.

“எட்டு நாளா ஏன் ஐயா பொய் சொன்னீங்க?”

“ஏறி நின்னா தலை சுத்துது. நம்பர் வரலைன்னா... உனக்குத் திட்டு விழும்னு... நீதானேம்மா சொன்னே.”

சொன்னவள் அவள்தான். முதல் நாளே, சிரித்துக்கொண்டே, எல்லாரிடமும் சொல்லுவாள். உங்கள் உடம்புக்காக என்றால் மறந்துவிடுவார்கள். எனக்காக என்றால் மறக்கமாட்டார்கள். பல வருட அனுபவத்தில் அவள் கண்டுபிடித்த வழி அது.

ஆம்புலன்ஸ் இருபது நிமிடத்தில் வந்தது. தையல்காரர் மறுநாள் விடிவதற்குள் போய்ச் சேர்ந்தார்.

ஒன்பது மணிக்கு அவர் வரிசை முதல்முறையாகச் சிவந்தது. மேலாளர் எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, ஒரு சிவப்பு தெரியுது?”

“இறந்துட்டார் சார்.”

“அடடா. அப்போ பட்டியல்லேருந்து எடுத்துடுங்க. மாச ரிப்போர்ட்ல இடிக்கும்.”

அவள் எடுக்கவில்லை. அன்று கட்டமும் போடவில்லை. மீதி அறுபத்தேழு பேரையும் வரிசையாகக் கூப்பிட்டு ஒன்றையே சொன்னாள்:

“ஏற முடியலைன்னா நம்பர் அனுப்பாதீங்க. எனக்குத் திட்டு விழட்டும்.”

வியாழக்கிழமை ஒன்பது அடித்தது. தையல்காரரின் சிவப்புக்குக் கீழே இன்னும் ஐந்து வரிசைகள் சிவந்தன. ஐந்தும் ‘பொறுக்கும்’ கட்டத்து ஆட்கள்.

மேலாளர் அறையிலிருந்து கத்துவது கேட்டது. அவள் ஐந்து முகவரிகளையும் எழுதிக்கொண்டு பையைத் தோளில் மாட்டினாள்.